ஒன்பது நாள் பேட்டரி

இப்பவே கழட்டணுமா? இல்ல தம்பி, தரமாட்டேன்னு சொல்லல. காப்பி ஊத்தியிருக்கேன், அதக் குடிச்சு முடிங்க. லெம்விக் வரைக்கும் இந்தக் காத்துல கார் ஓட்டிட்டு வந்த மனுஷனுக்கு, காதுல இருக்கறதப் புடுங்கிக் கைல குடுத்து அனுப்பினா நல்லாவா இருக்கும்? உக்காருங்க. கதவ மட்டும் சாத்திட்டு உக்காருங்க. கொஞ்சம் மக்கர் பண்ணும், தூக்கித் தள்ளணும். ஆங், அப்படித்தான்.

வாசல்ல டோரிட்தானே கதவத் தெறந்தா? உங்ககிட்டப் பேசினாளா? என்ன சொன்னா? காத்து அதிகமா இருக்கு, உள்ள வாங்கன்னு சொன்னாளா. ஓ. வேற? அவ்ளோதானா. நீங்க யாருன்னு கேட்டிருப்பாளே. காது மெஷின் விஷயமா வந்தேன்னு சொல்லிட்டீங்களா? சொல்லலியா, நல்லவேளை. இன்சூரன்ஸ்காரர்னு நெனச்சுக்கிட்டாளா, நெனச்சுக்கட்டும். போகும்போதும் ஒண்ணும் சொல்லிடாதீங்க. அவளுக்கு எதுக்கு அதெல்லாம். பொண்டாட்டிக்குத் தெரியாம ஒருத்தன் காதுல மெஷின் போட்டுக்கலாமான்னு சட்டம் ஏதாவது இருக்கா என்ன? இருக்காது.

சரி, நீங்க சொன்னத நான் திருப்பிச் சொல்றேன், எனக்குப் புரிஞ்சுதான்னு பாருங்க. மொத்தம் அறுபத்தி நாலு பேர் போட்டுக்கிட்டிருக்காங்க. ஒருவாட்டி சார்ஜ் போட்டா எல்லாருக்கும் ரெண்டு நாள், மிஞ்சிப்போனா ரெண்டரை நாள். எவால்டுக்கு, அதாவது எனக்கு மட்டும் ஒன்பது நாள். அதானே? அது எனக்கே தெரியும். ஆகஸ்டுல ஹோல்ஸ்டெப்ரோ கிளினிக்குக்குப் போனப்ப இந்த மெஷின உருவாக்கின தோரா கேக்கு வாங்கி வெச்சிருந்தா. அதுமேல சின்னதா ஒரு கொடி வேற குத்தியிருந்தா. எவால்ட், நீங்கதான் எங்க ராஜான்னா. முப்பத்தேழு வருஷம் இந்த ஃபியோர்டு உப்பங்கழியில சிப்பி அள்ளினேன் தம்பி, ஒருத்தனும் எனக்காகக் கொடி குத்தினதில்ல.

அந்த மெஷினப் பத்தி உங்களுக்கு நான் சொல்லணுமா, அதுக்குள்ள இருக்கற சிப்பச் செய்யறதே நீங்கதான். ஆனா தோரா எனக்குச் சொல்லிக் குடுத்தது இதுதான். தப்பா இருந்தா திருத்துங்க. சும்மா இருக்கும்போது அது தூங்கும். காத்து, தட்டு உருள்ற சத்தம், கார் சத்தம், எதுக்கும் எழுந்திருக்காது. மனுஷக் குரல் கேட்டா மட்டும் டக்குனு முழிச்சிக்கும், அந்தக் குரலப் பொறுக்கியெடுத்துக் காதுல போடும். தூங்கற நேரம் பேட்டரிக்குச் செலவே இல்ல. அதுலயும் போட்டிருக்கறவனோட சொந்தக் குரலுக்கு முழிக்காது, எலும்பு அதிர்றத வெச்சு இது நம்ம ஆளுதான்னு கண்டுபிடிச்சிடுமாம். கெட்டிக்கார மெஷின். என் குரலக் காதுல போட்டுக்காம இருக்க டோரிட்டுக்கே இருவது வருஷம் புடிச்சுது, இது மொத நாளே கத்துக்கிச்சு.

ஆறு வருஷமா அந்தப் பொண்ணு அந்தத் தூக்கத்துக்குத்தான் உழைச்சிருக்கா. நீங்க சிப்பு, ஜெர்மன்காரங்க பரிசோதனை, தோரா மூளை. மூணு நாடு சேர்ந்து மொச்சக்கொட்டை அளவுக்கு ஒண்ணு செஞ்சிருக்கீங்க. சேர்ந்துதான் செய்யறீங்க, ஆனா ஒருத்தர ஒருத்தர் நம்பறதில்ல போல, இல்லன்னா நீங்க தோராவுக்குச் சொல்லாம என் வீட்டுக்கு வந்திருக்க மாட்டீங்க. சொல்லிட்டா வந்தீங்க? பாருங்க, நான் நெனச்சேன்.

ம். டைரி. அதுக்குத்தானே வந்தீங்க.

பரிசோதனைக்குன்னு நீங்க எழுதச் சொன்ன டைரியில தினம் நாலு மணிநேரம் அஞ்சு மணிநேரம் பேச்சுன்னு இருக்கு. காலைல டோரிட்கூட காப்பி, ஒரு மணிநேரம். பத்து மணிக்குப் பக்கத்து வீட்டு ஏகோன். சாயங்காலம் மறுபடி டோரிட். செவ்வாக்கிழமை மத்தியானம் துறைமுகத்துல சீட்டாட்டம், நாலு பேர். எல்லாம் என் கையெழுத்துதான், இல்லங்கல. ஆனா அந்த நேரம் பூரா மெஷின் தூங்கியிருக்கு. அப்ப ரெண்டுல ஒண்ணு. ஒண்ணு நான் போட்டுக்கல. இல்ல, எதிர்ல ஆளு பேசிக்கிட்டிருக்கும்போதே இது குறட்டை விட்டிருக்கு.

எங்க பக்கம் பேச்சே கம்மி தம்பி. நீங்க கோபன்ஹேகன் ஆளு, உங்களுக்குத் தெரியாது. மேற்கு ஜட்லாந்துல ஒருத்தன் சாப்பாடு மோசமில்லன்னு சொன்னா, அந்த வீட்டுக்காரி ஒரு வாரத்துக்கு அதச் சொல்லிச் சொல்லிப் பூரிச்சுப் போவா. ரெண்டு பேர் ஒரு மணிநேரம் காப்பி குடிப்பாங்க, நாலு வார்த்தை பேசியிருப்பாங்க, நல்லாப் பேசிக்கிட்டிருந்தோம்னு எழுந்து போவாங்க. அப்படி எழுதினதுதான் அதெல்லாம்.

பக்கத்துத் தூபோரன்லயும் இதப் போட்டுக்கிட்ட ஆளு இருக்காங்களா? அவங்களும் மீன்புடிக்கறவங்கதானா. மெஷின் முழிச்சிருந்தா உங்க டேப்லெட்ல பச்சைக் கோடு வருமாம், அவங்களுக்கு அது தினம் ரெண்டு மணிநேரம் வருதா. ம். அப்ப தூபோரன்காரங்க வாயாடிங்க, வேற என்ன.

சிரிங்க. நானும் சிரிக்கத்தான் சொன்னேன்.

இன்னிக்குச் செவ்வாய்தான், ஆமா. மணி மூணு, அதுவும் சரி. டைரிப்படி நான் இப்பத் துறைமுகத்துல சீட்டு புடிச்சிருக்கணும். அதப் பாக்கத்தான் இந்த நேரம் பாத்து வந்தீங்களா? அடேங்கப்பா. பால் வடியற மொகமா இருக்கேன்னு நெனச்சேன். இன்னிக்கு ஒருத்தனுக்கு ஒடம்பு சரியில்ல, ஆட்டம் இல்ல. பேரா? பேரு எதுக்கு உங்களுக்கு.

காப்பி ஆறுது பாருங்க.

என்னது? வியாழக்கிழமையா? மூணு நாட்டுக்காரங்களும் உக்காந்து பேசி, அந்தத் தூங்கற பகுதியையே எடுத்துடப் போறாங்களா? ஏன்? அறுபத்தி மூணு பேருக்கு நல்லாத்தானே ஓடுது? ஓ. ஒரு காதுல எண்ணூறு மணிநேரப் பேச்சக் கோட்ட விட்ட மெஷின விக்க முடியாது. நாளைக்கு ஒரு கெழவன் ரோட்டக் கடக்கும்போது நில்லுன்னு யாராவது கத்தினா, அப்பவும் தூங்கும்னு சொல்லுவாங்க. புரியுது. அப்ப தோரா? அவ வேலை? இது போனா அவளும் போக வேண்டியதுதானா? அவ என்ன தம்பி பண்ணினா? அந்தப் பொண்ணு கை கழுவிட்டு வந்து, குளிருதான்னு கேட்டுட்டுத்தான் என் காதத் தொடுவா. அவமேல எதுக்கு வர்றீங்க?

சரி. சரி, சொல்லிடறேன். எழுதிக்கோங்க. நான் அதப் போட்டுக்கவே இல்ல. டிராயர்ல வெச்சிருந்தேன். காலைல எடுத்துப் பாப்பேன், வெச்சிடுவேன். டைரியில மட்டும் போட்டுக்கிட்டேன்னு எழுதினேன். அவ்ளோதான். மெஷின்மேல தப்பில்ல, இந்தக் கெழவன்மேலதான் தப்பு. என் பேர அடிச்சிட்டு, பாக்கி அறுபத்தி மூணு பேர வெச்சுக்கிட்டு நல்லா இருங்க.

ஏன் எழுத மாட்டேங்கறீங்க?

இது என்ன கோடு? செவப்பா, மேலயும் கீழயுமா. நான் நடக்கறதா? நான் நடந்தா அதுக்குத் தெரியுமா? ஒடம்புச் சூடு வேற பாக்குமா! காலைல ஆறரைல இருந்து ராத்திரி பத்து வரைக்கும் காதுலதான் இருந்திருக்கு. ஆறு மாசமும். ஒரு நாள்கூட விடாம. அறுபத்தி நாலு பேர்ல நான்தான் அதிக நேரம் போட்டிருக்கேனா.

அதுலயும் ராஜாவா.

கொஞ்சம் மெதுவாப் பேசுங்க தம்பி. அவ சமையக்கட்டுலதான் இருப்பா. இல்ல, எனக்குக் கேட்டுத்தான் சொல்றேன்னு இல்ல, இந்நேரத்துக்கு அங்கதான் இருப்பா.

ஏகோன் வீட்டையும் பாத்துட்டீங்களா? ஜன்னல்ல பலகை அடிச்சிருக்கறதப் பாத்தீங்களா. அவன் ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே ஓல்போர்ல மக வீட்டுக்குப் போயிட்டான். போகும்போது அவன் கதவுச் சாவி ஒண்ண எங்கிட்டக் குடுத்தான். நல்லவன், நெறையப் பேசுவான், அதான் டைரிக்கு அவன எடுத்துக்கிட்டேன். சீட்டாட்டமும் கெடையாது. அதுல ரெண்டு பேர் செத்தாச்சு. மூணாமவன் எதிர்ல வந்தா கையக் காட்டுவான். கையக் காட்டினா பேட்டரி செலவாகாதில்ல.

டோரிட்டா? வீட்டுலதான் இருக்கா, நீங்கதான் பாத்தீங்களே.

சண்டை எல்லாம் இல்ல. சண்டைன்னா பேச்சு இருக்குமே தம்பி. படகு இஞ்சின் பக்கத்துலயே நின்னு காது போச்சு எனக்கு. அவ ஒண்ணு சொல்லுவா. நான் என்னம்பேன். திரும்பச் சொல்லுவா. மறுபடி என்னம்பேன். மூணாவது தடவை, ஒண்ணுமில்ல விடும்பா. எங்கள மாதிரி ஆளுங்களுக்கு அந்த வார்த்தை எப்படி இருக்கும்னு அந்த டேப்லெட்ல எங்கயாவது போட்டிருக்கா? சொல்ல வந்தது போச்சு, அதுக்கு நீ லாயக்கில்லன்னு அர்த்தம். எனக்குக் கோவம் பொத்துக்கிட்டு வரும். என்னடி முணுமுணுக்கறேன்னு கத்துவேன். என் சத்தம் எவ்வளவுன்னு எனக்கே தெரியாது, தெருவுக்கே கேட்டிருக்கும். பாவம், அவ அவமானத்துல செவந்து போவா. பழைய மெஷின் ஒண்ணு இருந்துச்சு. அது விசிலடிக்கும், எடுத்து எறிஞ்சேன். அப்புறம் அவ ஆரம்பிக்கறதே இல்ல. துண்டுச் சீட்டுல எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டுவா. பால் தீந்துடுச்சு. செவ்வாக்கிழமை பல் டாக்டர். டிவியக்கூடச் சத்தமில்லாம வெச்சு, கீழ ஓடற எழுத்தப் படிச்சுக்குவா. எனக்காகப் பழகினது, அப்படியே நின்னுபோச்சு. அக்காகூடப் பேசறதும் ஃபோன்ல எழுதித்தான். ஏழு வருஷமா இந்த வீட்டுல சத்தம்னா நான் இருமறது மட்டும்தான்.

பொய் ஏன் எழுதினேனா? உங்க ஃபார்ம்ல என்ன போட்டிருந்தீங்க? தினம் மூணு மணிநேரமாவது பேச்சுத்துணை இருக்கறவங்க மட்டும் வாங்கன்னு. வீட்டுல யாராவது இருக்காங்களான்னு தோரா கேட்டா. இருக்காங்கன்னேன், அதுல பொய் இல்லியே. அன்னிக்குத்தான் மொதல்ல என் காதுல வெச்சா. வெச்சுட்டு ஏதோ சொன்னா. அதுல ஸ்ஸுன்னு ஒரு சத்தம் வருமில்ல, அது கேட்டுச்சு எனக்கு. அந்தச் சத்தத்தையே மறந்துபோயிருந்தேன் தம்பி. அந்தச் சின்னப் பொண்ணு முன்னாடி மூக்க உறிஞ்சிக்கிட்டு உக்காந்திருந்தேன். இத விடக்கூடாது, என்ன பொய் சொல்லியாவது வீட்டுக்குக் கொண்டுபோயிடணும்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன்.

வீட்டுக்கு வந்து அவகிட்டச் சொல்லல. காதுக்குள்ள போயிடுது, வெளிய தெரியாது. அவ ஏதாவது சொல்லட்டும், டக்குனு பதில் சொல்லி அசத்திடணும்னு சமையக்கட்டு மேஜைல போய் உக்காந்தேன். சின்னப் பையன் மாதிரி அவ வாயையே பாத்துக்கிட்டிருந்தேன். அவ காப்பி வெச்சா. ரொட்டி வெச்சா. போயிட்டா. மறுநாளும் உக்காந்தேன். ஒரு வாரம் உக்காந்தேன். பதினஞ்சு வருஷமா நான் கேக்கல, இப்பக் கேக்க வந்துட்டேன், அவ கடையச் சாத்திட்டா.

நான் ஆரம்பிச்சிருக்கலாம்தான். எல்லாரும் சொல்லுவாங்க. நீங்க ஆரம்பிச்சுப் பாருங்க.

எந்தப் பச்சைக் கோடு? எங்க, காட்டுங்க. தினமும் இருக்கா? மூணரைக்கு, நாலு நிமிஷம், சில நாள் அஞ்சு. ஓ, அது தெரியுதா இதுல. அதுவும் தெரிஞ்சுபோச்சா. அப்ப மெஷின் முழிச்சுத்தான் இருக்குன்னு அதுவே சாட்சி சொல்லுதே! என்னத்துக்கு முழிச்சுதுன்னு நீங்கதான் கேக்கணும். டைரியில அந்த நேரத்துக்கு நேரா நான் ஒண்ணுமே எழுதல, ஆமா. எழுதினதெல்லாம் பொய், எழுதாத அந்த நாலு நிமிஷம்தான் நெஜம்.

மணி என்ன இப்ப? மூணு இருவத்தெட்டா?

எழுந்திருக்காதீங்க. அங்கயே உக்காருங்க, நாற்காலிய நகத்தாதீங்க. நான் இந்த ஜன்னல் பக்கம் வந்துடறேன். ஒரு விரல் அளவு தெறந்து வெச்சா போதும். கொல்லைல கோழி இருக்கு, ஆறு. தினம் மூணரைக்குத் தீனி போட வருவா. அதுங்ககிட்டப் பேசுவா தம்பி. எல்லாத்தையும் சொல்லுவா. முட்டி வலி, அக்கா பையனுக்கு வேலை கெடச்சது, சர்ச்சுல யாரு என்ன போட்டுக்கிட்டு வந்தாங்கறது. ஒருநாள் நான் ஜன்னலத் தொடச்சேன். இன்னிக்கு எவால்ட் ஜன்னலத் தொடச்சாருடி, மழை வரப்போகுதுன்னு கோழிங்ககிட்டச் சொல்லிச் சிரிச்சா. நான் இங்க திரைக்குப் பின்னாடி நின்னு வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சேன். எங்கிட்டச் சொல்ல வேண்டியதெல்லாம் எனக்கே வந்து சேர்ந்துடுது, கொஞ்சம் சுத்தி வருது, அவ்ளோதான். எனக்குக் கேக்குதுன்னு தெரிஞ்சா அதுவும் நின்னுடும். இப்பப் புரியுதா, ஏன் அவகிட்டச் சொல்லாதீங்கன்னேன்னு?

கதவு தெறக்குது. வர்றா. பேசாதீங்க. அந்த டேப்லெட்ட மட்டும் பாத்துக்கிட்டிருங்க.

...

இன்னும் கொஞ்சம் இருங்க.

...

முடிஞ்சுது. உள்ள போயிட்டா. ஜன்னலச் சாத்திடறேன், குளிருது.

எழுந்துச்சா பச்சைக் கோடு? நேரா எழுந்துச்சா? அவ வாயத் தெறந்த அந்த நிமிஷமேவா. எவ்ளோ நேரம்? ஆறு நிமிஷமா. இன்னிக்குக் கொஞ்சம் அதிகம்தான். உங்களுக்குக் கேக்கலியா? நல்ல காது ரெண்டு வெச்சுக்கிட்டு உங்களுக்குக் கேக்கல, எனக்குக் கேட்டுச்சு, இந்தக் காத்துல, பத்து மீட்டர் தள்ளி. போய் வியாழக்கிழமை அதச் சொல்லுங்க. மெஷின் பேச்சுல தூங்கல, இந்த வீட்டுல பேச்சு இல்ல, அதனால தூங்குச்சு. டைரி பூராவும் பொய்யின்னு எழுதுங்க. பேனா குடுங்க, நானே கையெழுத்துப் போடறேன். ஒன்பது நாள் கணக்கையும் அடிச்சிடுங்க, அது மெஷினோட சாமர்த்தியம் இல்ல, எங்க வீட்டுச் சாமர்த்தியம். ஆனா தோராவ ஒரு வார்த்தை சொல்லக்கூடாது. சொல்ல மாட்டீங்கல்ல? நல்லது. போட்டாச்சு, இந்தாங்க.

என்ன சொன்னாளா?

கோழிங்கள வெள்ளிக்கிழமை கீழத்தெரு மெரெத்தே வந்து எடுத்துட்டுப் போறாளாம். நல்லாப் பாத்துப்பா, பயப்படாதீங்கன்னு ஒவ்வொண்ணையும் பேர் சொல்லிச் சொன்னா. சனிக்கிழமை பதினோரு மணி ரயில். எஸ்பியர்ல அக்கா வீட்டுக்கு. பெட்டி கட்டில் அடியில தயாரா இருக்காம். பத்து நாளா அரைகுறையாத்தான் கேட்டுச்சு, நான் வேற ஏதோ நெனச்சுக்கிட்டிருந்தேன். இன்னிக்குத் தெளிவாக் கேட்டுடுச்சு. திரும்பி வர்றதப் பத்தி ஒண்ணும் சொல்லல.

போய்ப் பேசுங்கன்னா? என்னன்னு பேச? ஆறு மாசமாத் திரைக்குப் பின்னாடி நின்னு நீ சொன்னதெல்லாம் ஒட்டுக்கேட்டேன்டின்னா? தினமும் வாயத் தெறந்து தெறந்து மூடறேன் தம்பி. வராது எனக்கு. கத்தத்தான் தெரியும், பேசத் தெரியாது.

அதனால, இத இன்னிக்கு எடுத்துக்க வேணாமே. திங்கக்கிழமை வாங்க. நானே கழட்டித் தொடச்சு டப்பாவுல போட்டு வெச்சிருக்கேன். இருவது வயசுல வந்தவ, நாப்பத்தி நாலு வருஷம் இருந்துட்டுப் படி எறங்கும்போது, என் மொகத்தப் பாத்து ஏதாவது ஒண்ணு சொல்லாமயா போவா? எனக்குக் கேக்காதுன்னு நெனச்சுத்தான் சொல்லுவா. அத மட்டும் கேட்டுக்கறேன்.